ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடுவே

விழுப்புரம் மாவட்டத்தில் அரசு தரும் மருத்துவ உதவியும் சமூக நல உதவியும் வெவ்வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. சிகிச்சை மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் இருக்கிறது. முதியோர் ஓய்வூதியம், வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வருவாய்த் துறையிடம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அலுவலகம், பெண்களுக்கும் முதியோருக்கும் சமூக நலத் துறை, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அங்கன்வாடி. பக்கவாதத்தில் விழுந்த ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு இவற்றில் நான்கேனும் ஒரே மாதத்தில் தேவைப்படும். நான்கு அலுவலகமும் நான்கு இடத்தில் இருக்கும். ஒன்றில் கொடுத்த தாள் இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. மருத்துவ சமூகப் பணி என்ற தொழில் நடப்பது இந்த இடைவெளியில்தான். காப்பீட்டு மேசை, நம்பிக்கை மையம், காசநோய்ப் பிரிவு, தொண்டு நிறுவனம் என்று பெயர்ப்பலகை மாறினாலும் வேலை ஏறத்தாழ ஒன்றே: எந்தத் தாளை, எந்த வரிசையில், எப்போது வாங்குவது என்று நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வது.

சேவைகளின் அடுக்கு கீழிருந்து தொடங்குகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. துணை நிலையத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவர் பெயர் நர்சம்மா. கர்ப்பம் தெரிந்ததும் அவரிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவில் கிடைக்கும் பிக்மி எண் இல்லாமல் பிரசவ உதவியும் நகராது, பிறப்புச் சான்றும் எளிதில் நகராது. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் இப்போது கிடைப்பது 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும் மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். தாமதமாகப் பதிந்தவர்களுக்கே இதில் சிக்கல். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போகும் பெண் புகுந்த வீட்டு ஊரில் பதிந்திருப்பாள், அம்மா வீட்டு ஊரில் ஊசி போட்டுக்கொள்வாள். இரண்டு நர்சம்மாக்களும் ஒருவரோடொருவர் போனில் பேசிவிட்டால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது. பேசச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

மேலே போகப் போக வழி பிரிகிறது. மயிலம், ஒலக்கூர், மரக்காணம் பக்கத்துக்காரர்களுக்குத் திண்டிவனம் அரசு மருத்துவமனை. கோலியனூர், காணை, விக்கிரவாண்டிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் திருச்சி நெடுஞ்சாலையில் அந்த ஊரில் தொடங்கியது முதல், சர்க்கரை ஆலைக்குப் பேர்போன முண்டியம்பாக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் பெயராகவே மாறிவிட்டது. "முண்டியம்பாக்கத்துல சேத்திருக்கு" என்றால் யாரும் ஊரைப் பற்றிக் கேட்பதில்லை. இதற்கும் மேலே, மாநில எல்லைக்கு அப்பால், புதுச்சேரியின் ஜிப்மர். வானூர், கண்டமங்கலம் பகுதியில் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதால் அங்கிருப்பவர்களுக்கு எல்லை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம். மத்திய அரசு விடுமுறை நாட்களில் அதன் வெளிநோயாளிப் பிரிவு இயங்காது. தமிழ்நாட்டு நாள்காட்டியில் வேலை நாளாக இருக்கும் ஒரு நாளில் விடியற்காலை பஸ் ஏறிப் போய், கோரிமேட்டில் மூடிய கவுண்டரைப் பார்த்துத் திரும்பியவர்கள் செஞ்சி வரைக்கும் உண்டு. அதனால் ரெஃபர் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே தேதியையும் பார்த்துச் சொல்வது இந்த வட்டாரத்துப் பணியாளர்களின் வழக்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் இந்த அடுக்கைக் கொஞ்சம் தலைகீழாக்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தவர்களுக்கு, பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார். ஆனால் இத்திட்டத்தின் பெரிய பயன் மாத்திரையில் இல்லை, அதோடு வரும் இருவரிடம் இருக்கிறது என்பது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். ஒருவர் இயன்முறை மருத்துவர், இன்னொருவர் நோய்த்தணிப்புச் செவிலியர். படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்வது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புற்றுநோய் முற்றியவருக்கு வலி மாத்திரையின் அளவைப் பார்ப்பது ஆகியவற்றுக்காக முன்பெல்லாம் ஒரு ஆயாவை ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துத் திண்டிவனம் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது பெயர் பதிந்திருந்தால் ஆள் வருவார். பெயர் தானாகப் பதியாது என்பதுதான் சங்கதி. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொன்னால்தான் பட்டியலில் ஏறும். டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டால் அது பையிலேயே இருக்கும்.

காப்பீட்டைப் பற்றி மக்களிடம் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. கார்டு இல்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும் என்பது ஒன்று. கார்டு இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் எதற்கும் பணம் கட்ட வேண்டாம் என்பது இன்னொன்று. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய இத்திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அரசு மருத்துவமனையில் கார்டு இல்லாமலும் சிகிச்சை உண்டு. கார்டு இருந்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கு வரும், அதனால்தான் அங்கும் கேட்கிறார்கள். தனியார் மருத்துவமனையென்றால் அது திட்டத்தில் சேர்ந்ததா என்பதோடு, குறிப்பிட்ட அந்தச் சிகிச்சைக்குச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். எலும்புக்கு அனுமதி உள்ள ஆஸ்பத்திரிக்கு இதயத்துக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். கட்டிலில் படுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. படுத்த பிறகு கேட்டால் பில்லோடுதான் பதில் வரும்.

கார்டு எடுப்பது கலெக்டர் அலுவலகத்தில். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். இதில் குடும்ப அட்டைதான் கழுத்தைப் பிடிக்கும். இத்தொழிலில் தேறியவர் எவரும் நோயாளியின் படுக்கையருகே போய் முதலில் கேட்பது நோயைப் பற்றி அல்ல, "ரேஷன் கார்டுல பேரு எங்கீது?" என்பதைத்தான். சின்ன மகன் வீட்டில் இருக்கும் அம்மாவின் பெயர் பெரிய மகன் கார்டில் இருக்கும்; அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினைத் தகராறில் பேச்சுவார்த்தை இருக்காது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆன மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பத்தின் அட்டை செயலிழந்திருக்கும். பெயர் நீக்கி, சேர்த்து, புது அட்டை வந்து, பிறகு காப்பீடு என்று போனால் அறுவை சிகிச்சைத் தேதி தாண்டிவிடும். ஆகவே இந்த வேலையை நோய் வருவதற்கு முன்பே செய்து வைக்கும்படி கிராமக் கூட்டங்களில் சொல்வதுண்டு. கேட்பவர்கள் குறைவு, நன்றாக இருக்கும்போது ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவது அபசகுனம்.

தாள் எதுவும் வேண்டாத ஒரு திட்டமும் இங்கே இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் திருச்சிக்கும், புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரிகிறது. விபத்துக்கு இந்தச் சாலைகளில் பஞ்சமில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே அதே சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமான வரம்பில்லை, எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி இல்லை. தொடக்கத்தில் 1 லட்சமாக இருந்த உச்சவரம்பு பின்னர் 2 லட்சமானது. ஆனால் 49-ஆவது மணி நேரம் ஒன்று உண்டு. அதற்குள் காப்பீட்டுக் கார்டையோ, அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதையோ முடிவு செய்துகொள்ள வேண்டும். தலையில் அடிபட்டவரின் வீட்டார் முதல் நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பார்கள். இரண்டாம் நாள் காலையில் அவர்களை ஓரமாக அழைத்துப் பேசுவது கொடுமையாகத் தோன்றினாலும் செய்தே ஆக வேண்டியது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் நஷ்டஈடே கிடையாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது உண்மையல்ல. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசுத் திட்டத்தின்படி, அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. விண்ணப்பம் போவது நீதிமன்றத்துக்கு அல்ல. வருவாய்க் கோட்ட அளவிலான விசாரணை அதிகாரி வழியாக ஆட்சியருக்கு. எஃப்.ஐ.ஆர். நகலும், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியும் இதற்கு உயிர். அடிபட்டவர் மயங்கிக் கிடக்கும்போது கூட வந்தவர் சொல்லும் பெயரே ஏ.ஆர். காப்பியில் ஏறும். வீட்டுப் பெயர் ஒன்று, ஆதார்ப் பெயர் ஒன்று என்றிருந்தால் பின்னால் ஆறு மாதம் அலைய வேண்டும். ஆகவே அவசரப் பிரிவில் பெயரை ஆதாரைப் பார்த்துச் சொல்லும்படி வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

அடிபட்டுப் பிழைத்தவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் அடுத்த கட்டம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடு என்பது பெரும்பாலான உதவிகளுக்கு வாசற்படி. மருத்துவர் எழுதும் இந்த விழுக்காட்டின் மேல்தான் பிறகு வருவன எல்லாம் நிற்கும். பக்கவாதம் வந்த மறு மாதமே சான்று கேட்டால் மருத்துவர் தர மாட்டார். உடம்பு எவ்வளவு மீளும் என்று பார்க்கச் சில மாதம் வேண்டும். வீட்டாருக்கு இது இழுத்தடிப்பாகத் தெரியும். உண்மையில் அந்த மாதங்களில் உடற்பயிற்சி நடந்தால் கை கால் மீள வாய்ப்பு அதிகம், அதனால் சான்றைத் துரத்தும் நேரத்தில் பயிற்சியைத் துரத்தச் சொல்வதே சரியான ஆலோசனை. இன்னொரு தர்மசங்கடமும் இதில் உண்டு. முகாமுக்கு வரும்போது நடக்க முடிந்தவரும் நடக்காமல் தூக்கி வரப்படுவார்; விழுக்காடு கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மருத்துவருக்கு இது தெரியாமலில்லை.

பணம் இரண்டு வாசலில் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவி மாதம் 2,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடுடையோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் முதலானவர்களுக்கு. வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 முதல் 1,500 ரூபாய். அது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாமல் இரண்டிலும் மனுக் கொடுத்துவிட்டு, ஒன்றில் நிலுவையில் இருப்பதைக் காட்டி மற்றதில் நிராகரிக்கப்பட்டவர்கள் திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலக மனுநாள் வரிசையில் நிற்பார்கள். 75 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்றில் இருந்தால் முதல் வாசல், அதற்குக் குறைந்தால் இரண்டாவது என்பது பொதுவாக நடைமுறையில் உதவும் கணக்கு. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் போன்றவற்றுக்கு 40 விழுக்காடே முதல் வாசலுக்குப் போதும்.

முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. ஊரில் இதற்குப் பெயர் ஓ.ஏ.பி. பணம். இது நின்றுபோவதற்கு அதிகாரியின் முடிவு காரணமாக இருப்பதைவிடக் கைரேகை காரணமாக இருப்பது அதிகம். நாற்பது வருடம் நாற்று நட்ட, கரும்பு வெட்டிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. விரலைக் கழுவி எண்ணெய் தடவிப் பார்ப்பார்கள், நடு விரலை வைத்துப் பார்ப்பார்கள். கடைசியில் வங்கிக்கே போக வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலியோடு கூட வர ஆள் வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் முதலில் இழந்தது டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்த தாள்களை. பேரப்பிள்ளையின் செல்போனில் எல்லாத் தாளையும் படம் எடுத்து வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு கொஞ்சம் பரவியிருக்கிறது.

பெற்ற பிள்ளை கவனிக்காத முதியவருக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் தலைவர் விழுப்புரத்தில் கோட்டாட்சியர், திண்டிவனத்தில் சார் ஆட்சியர். வக்கீல் தேவையில்லை, மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். வழக்குப் போட வருபவர்களைவிட, போடுவதாகச் சொல்லிப் பிள்ளையை வரவழைத்துத் தரச் சொல்பவர்களே அதிகம். "எம் புள்ள மேல கேசு வேணாம் சார், கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்பார்கள். நிலத்தை எழுதிக் கொடுத்தவர் கதை வேறு. பராமரிப்பதாக நிபந்தனை போட்டு எழுதிய தானப்பத்திரத்தை ரத்து செய்ய இந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. பத்திரத்தில் அந்த நிபந்தனை வரியை எழுதுவது முக்கியம் என்று பத்திரம் எழுதுவதற்கு முன்பே சொல்வதற்கு மட்டும் யாரும் கூட இருப்பதில்லை.

தாளே இல்லாதவர்களுக்கு இந்த ஏற்பாடுகள் எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவை. திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பகுதிகளில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாழும் இருளர்கள் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டவர்கள். பட்டா இல்லாததால் முகவரி இல்லை, முகவரி இல்லாததால் அட்டை இல்லை. பழங்குடிச் சாதிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ நேரடி விசாரணைக்குப் பின் தர வேண்டும். தகப்பனுக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள். தகப்பனுக்கு எங்கிருந்து வரும்? திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990-களிலிருந்து இதே வேலையில் பெரும் பகுதியைச் செலவிட்டிருக்கிறது என்பது, ஒரு சான்றிதழ் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காட்டும். செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போகும் குடும்பங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்வது கடினம். பதிவு சொந்த ஊர்த் துணை நிலையத்தில், ஆள் வேறு மாவட்டச் சூளையில். முன்பணத்துக்காக அடைத்து வைக்கப்பட்டவர்களை மீட்டால், 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி விடுவிப்புச் சான்று அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாள் கையில் இல்லாமல் ஊர் திரும்பினால் மறுவாழ்வு உதவியைப் பெறுவது பெரும்பாடு.

மனநோய் பற்றி இங்கே கடைசியாகத்தான் பேச்சு வரும். முதலில் மேல்மலையனூர் அமாவாசை, பிறகு குறி கேட்பது, அதற்கும் பிறகு ஆஸ்பத்திரி. கோயிலுக்குப் போவதைத் தடுத்து யாரும் வென்றதில்லை. போகிற வழியில் மாத்திரையையும் எடுத்துப் போகச் சொல்வதே பலன் தரும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளில் குறிப்பிட்ட நாட்களில் பார்க்கிறார்கள். 14416 எண்ணில் டெலிமானஸ் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. பராமரிக்க முடியாமல் தனியார் இல்லங்களில் விட்டுவிடுவோர் உண்டு. 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் உரிய அனுமதியின்றி நடந்த ஒரு தனியார் இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டபோது, அங்கு நடந்த கொடுமைகள் நாடறிந்த செய்தியாயின. ஓர் இல்லத்தில் ஆளைச் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டப்படி மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா. முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க விடுவார்களா. எந்த மருத்துவர் எப்போது வருகிறார் என்று ஏட்டில் இருக்கிறதா. இரண்டாவது கேள்விக்குத் தயங்கும் இல்லத்தில் விடக் கூடாது.

நோயாளி இறந்தாலும் வேலை முடிவதில்லை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிவு நடப்பது இறந்த இடத்தில், வாழ்ந்த ஊரில் அல்ல. ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பும். திண்டிவனத்துக்காரர் ஜிப்மரில் இறந்தால் சான்று உழவர்கரை நகராட்சியிலிருந்து வர வேண்டும். இதை அறியாமல் சொந்த ஊராட்சியில் கேட்டு, அங்கே இல்லை என்று சொல்லப்பட்டு, மாதக்கணக்கில் விட்டுவிட்ட குடும்பங்கள் நிறைய. இறப்புச் சான்று வந்தபின் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று. அதன் பிறகு வங்கிக் கணக்கு, ஆதரவற்ற விதவை ஓய்வூதியம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் சம்பாதித்தவர் 60 வயதுக்குள் இறந்திருந்தால் 20,000 ரூபாய் தேசியக் குடும்ப நல உதவி. கட்டடத் தொழிலாளியாக நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் ஒரு விண்ணப்பம், பதிவு புதுப்பிக்கப்பட்டிருந்தால். இறப்புச் சான்று வாங்கும்போதே அசல் பிரதிகள் ஐந்தாறு சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மேசையும் ஒன்றைக் கேட்கும்.